கோடிட்ட இடம்

என் கணவர் பேசும் பாஷையில் இரண்டே சொற்கள்தான்: இது, அது. கல்யாணமான புதிதில், கார் ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "ஏய், அந்த இதை எடு, இதுல மாட்டணும்" என்று கத்துவார். நான் பள்ளிக்கூட டீச்சர். கோடிட்ட இடத்தை நிரப்புக என்று கேள்வித்தாள் எழுதியே பழகிய கை. அதனால் எனக்கு இது பெரிய பாடாகத் தெரியவில்லை. வண்டியின் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார், குரலில் எவ்வளவு எரிச்சல், வெளியே நீளும் கை எப்படி விரிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ஸ்பானரா, குறடா, சுத்தியலா என்று தெரிந்துவிடும். தப்பாகக் கொடுத்தால் "அது இல்லடி, இது" என்பார். அடுத்தது சரியாக இருக்கும்.

அவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். கார் ரிப்பேர் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். ஒரே பழைய காரைக் கழற்றிக் கழற்றி மாட்டியே பாதி ஆயுளைக் கழித்தார். ஷெட்டில் இருக்கும் சாமான்களின் பெயர் எல்லாம் நாளடைவில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவருக்குக் கை, எனக்கு வாய். குடும்பம் அப்படித்தான் ஓடியது.

பதிலுக்கு என் மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது அவர் வேலை. கழற்றி வைத்த இடம் எனக்கு ஒரு நாளும் ஞாபகம் இருந்ததில்லை. பாதி நாள் அது ஷெட்டில்தான், ஸ்பானர் குவியலுக்கு நடுவில் கிடக்கும். ஒரு கண்ணாடி சுத்தியலுக்கு அடியில் கிடந்து உயிரை விட்டது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில், அந்தக் காலையில் யாருக்கு என்ன உறைக்கும்? அடுப்படிக்கு வந்து நின்றார். "அந்த இது குடு" என்றார். ஜன்னல் விளிம்பில் அவர் மறந்து வைத்திருந்த டெஸ்டரைக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இல்ல, இது." சரி என்று குறட்டைக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டது தண்ணீர் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மத்தியானம் மகள் போன் பண்ணினாள். அவளிடமும் "இது... அது..." என்றே பேசினார். "அப்பா இன்னைக்கு ரொம்ப இது இதுங்கிறாரும்மா" என்று அவளும் சிரித்தாள். போன் அவருடைய வலது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "பேச்சு எப்ப குழற ஆரம்பிச்சுது?"

"எங்க வீட்டுல இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவார் டாக்டர்."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் என்ன செய்ய? உண்மையைத்தானே சொன்னேன்.

பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தார். கால் சரியாகிவிட்டது. வலது கையில் பிடி கொஞ்சம் தளர்ந்துபோனது. முழுசாகப் போனவை பெயர்கள்தான். ஒரு ஸ்பானரைக் கண்ணால் பார்த்தால் அது எந்த நட்டுக்கு, எவ்வளவு முறுக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதன் பெயர் மட்டும் வாய்க்கு வராது. எழுத்தும் அப்படியே. எழுத்துக் கூட்டிப் படிப்பார், சத்தம் வரும், அது எதைச் சொல்கிறது என்பது வராது. முன்பு சோம்பலில் "இது" என்றார். இப்போது வேறு வழியில்லாமல் "இது" என்றார். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். முகத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்தாள். சின்ன வயது, பொறுமைசாலி. முதல் நாளே என் நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, அவர் வார்த்தையைத் தேடுறப்போ நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. காத்திருங்க."

"எவ்வளவு நேரம்?"

"வர்ற வரைக்கும்."

"வராட்டி?"

"அப்பவும் காத்திருங்க."

இதற்குப் பதில் என்னைப் பட்டினி போட்டிருக்கலாம். வகுப்பில் பதில் வராமல் முழிக்கும் பிள்ளையைக் கண்டாலே என் நாக்கு அரிக்கும். அவர் "அந்த..." என்று தொடங்கியதும் நான் அடுத்த சொல்லோடு தயாராக நிற்பேன். தெருமுனைக் கடைக்காரரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், எல்லாரிடமும் அவருக்காக நானே பேசினேன். கொஞ்ச நாளில் அவர் வெளியாள் முன்னால் வாய் திறப்பதையே விட்டுவிட்டார்.

ஷெட்டுக்கு மட்டும் போனார். போய் என்ன பிரயோஜனம்? அங்கே சாமான் வைத்திருந்த லட்சணம் அப்படி. ஒரு தகரப் பெட்டி, சில பிஸ்கட் டின்கள், அடி ஓட்டையான ஒரு பக்கெட். எல்லாவற்றிலும் எல்லாம். முன்பு அவர் கத்த, நான் கிளறி எடுப்பேன். இப்போது அவரே கிளறினார். கலகலவென்று சத்தம் வரும், அப்புறம் சத்தம் நிற்கும். தேட ஆரம்பித்த சாமான் எது என்பதே குவியலைக் கிளறுவதற்குள் அவருக்குக் கலைந்துபோயிருக்கும். நான் வாசலில் நின்று, "ஸ்பானரா? குறடா? ஸ்க்ரூடிரைவரா?" என்று வரிசையாகக் கேட்பேன். ஒரு நாள் பிஸ்கட் டின்னைச் சுவரில் வீசி எறிந்தார். என் மேல் இல்லை, சுவரின் மேல்தான். அதற்குப் பிறகு அவர் ஷெட்டுக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மகள் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். அந்தச் சுபாவம் என்னுடையதுதான்.

"அம்மா, வண்டியக் குடுத்துடலாம். இவருக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க கேக்குறாங்க. அப்பா இனிமே அதுக்கு அடியில படுத்து எதையாவது இழுத்து மேல போட்டுக்கிட்டா என்ன பண்றது?"

எதிரில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு போனதோடு காதும் போய்விட்டது என்று நினைத்தாளோ என்னவோ.

"இல்ல" என்றார் அவர். அந்தச் சொல் அவரிடம் இருந்தது. "நான்... அது... நான்..."

"ஓட்டணுமாப்பா? வேண்டாம்பா."

"ஓட்டல, ரிப்பேர் பண்ணணுங்கிறார்" என்றேன் நான்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பயம் வந்தது. வண்டி போனால் போகட்டும், இரும்புதானே. ஆனால் இந்த மனிதர் ஒரு தடவை இப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"அடுத்த மாசம் வா" என்றேன் மகளிடம். "அதுக்குள்ள அப்பா யாரையும் கேக்காம, யாரும் எடுத்துக் குடுக்காம, அந்த வண்டியில தானா ஒரு வேலை செஞ்சு காட்டட்டும். காட்டலைன்னா வித்துடு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

"நீயா? வாயத் திறக்காமயா?" என்றாள். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

மறுநாளே அவரைக் கிளப்பிக் கருவிகள் விற்கும் கடைக்கு அழைத்துப் போனேன். பெரிய கடை. கூரை வரை ரேக்குகள், எங்கும் ரப்பர் வாசனை. விற்கிற ஆள் ஓடி வந்தார். "என்ன சார் வேணும்?"

"இது..." என்றார் அவர். கை காற்றில் ஒரு சதுரம் போட்டது. சதுரத்துக்குள் விரல்கள் இங்கும் அங்கும் குத்தின. "இது... எல்லாம்... இது..."

விற்கிறவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சாமான் குப்பையாகக் கிடப்பது, பிரித்து அடுக்க வேண்டியது, தூசி படக் கூடாதது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். விற்கிறவர் ஒரு சிவப்பு ட்ராலியை உருட்டிக்கொண்டு வந்தார். அடுக்கடுக்காக டிராயர்கள், அடியில் சக்கரம். சுண்டுவிரலால் தள்ளினால் போதும், டிராயர் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயர்ச் சீட்டு ஒட்ட ஓர் இடம். அதைப் பார்த்ததும் நான் மயங்கிவிட்டேன். இனி ஒரு சாமான் வெளியே தெரியாது. ஷெட் ஷெட்டாக இருக்காது, ஆபீஸாக இருக்கும்.

"நல்லா இருக்குல்ல?" என்று அவரைக் கேட்டேன். பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குவியல் முழுவதையும் மண்ணெண்ணெயில் துடைத்து, இனம் பிரித்து, டிராயர்களில் அடுக்கினேன். கரும்பலகைக் கையெழுத்து எனக்கு. பெரிய பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். ஸ்பானர். ஸ்க்ரூடிரைவர். குறடு. சாக்கெட். அரம். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

"வாங்க. ஒரு ஸ்பானர் எடுங்க பார்ப்போம்."

அவர் ட்ராலி முன்னால் நின்றார். சீட்டுகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒன்றை எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, திறந்தார். அரங்கள். மூடினார். அடுத்ததைத் திறந்தார். குறடுகள். மூடினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதில் கை வைத்தபோது என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது: "அதுக்கு மேல! மேல எழுதியிருக்கு பாருங்க, ஸ்பா-ன-ர்னு!"

அவர் டிராயரை மெதுவாக மூடினார். என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சலாக இருந்தது. உள்ளே போய்விட்டார்.

தகரப் பெட்டியில் கிளறினாலாவது கண்ணுக்கு ஏதாவது தட்டுப்பட்டிருக்கும். இப்போது அதுவும் இல்லை. எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டி, சாவி என்று சொற்களைக் கொடுத்திருக்கிறேன். பெயர் தொலைந்துபோனவருக்குப் பெயர்ச் சீட்டு எழுதி ஒட்டிய மேதாவி நான். ட்ராலியின் மேல் உட்கார்ந்து அழுதேன். சக்கரம் உருண்டு, அழும்போதே விழப் பார்த்தேன்.

மறுநாள் காலை எழுந்தபோது படுக்கையில் அவர் இல்லை. ஷெட்டில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் எனக்குப் பகீரென்றது. டிராயர்கள் எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. சாமான்கள் அத்தனையையும் தரையில் பரப்பியிருந்தார். அலமாரியிலிருந்த என் சாக்பீஸ் டப்பா அவர் பக்கத்தில் திறந்து கிடந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, இடது கையால் தரையில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்துதானே துடைச்சு அடுக்கினேன்! என்னங்க இது?"

அவர் நிமிரவில்லை. சுத்தியலைத் தரையில் வைத்து அதைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு சுத்தியலை எடுத்தார். தரையில் சுத்தியல் மாதிரியே ஒரு வெற்றிடம் இருந்தது. திரும்ப அதன்மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது. என்னை அண்ணாந்து பார்த்தார். கையால் தரையைக் காட்டி, பிறகு சுவரைக் காட்டினார். தரையில் இருப்பதை அப்படியே தூக்கிச் சுவரில் நிறுத்துவது மாதிரி.

கடையில் அவர் காற்றில் போட்ட சதுரம் இதுதான். விரல்கள் குத்திய இடமெல்லாம் ஒவ்வொரு சாமானுக்கு. அவர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். நான்தான் அவரைச் சொல்லி முடிக்க விடவில்லை.

அன்று முழுக்க ட்ராலியில் ஒட்டிய சீட்டுகளை நகத்தால் சுரண்டினேன். சுத்தமாக இருந்தால்தான் மாற்றித் தருவேன் என்று கடைக்காரர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். என் கையெழுத்து அவ்வளவு கெட்டியாக ஒட்டும் என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் முறை போனபோது, அதே ஆள் வந்து, பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சொல்லுங்கம்மா."

"அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவர் கடைக்குள் நடந்தார். ரேக் ரேக்காகப் பார்த்துக்கொண்டே போய், சுவரில் சாய்த்திருந்த ஓர் இரும்புப் பலகையின் முன் நின்றார். கருநீல நிறம், உடம்பெல்லாம் ஓட்டை. எந்த ஓட்டையிலும் கொக்கி மாட்டலாம். உள்ளங்கையால் அதைத் தட்டினார். "இது" என்றார். விற்கிறவர், "சார், இதுல தூசி படியும், அதவிட..." என்று ஆரம்பித்தார். "இது" என்றார் மறுபடியும். அந்த "இது"வில் சந்தேகம் இல்லை.

அடுத்து கொக்கிகள். ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து, ஆடுகிறதா என்று பார்த்தார். ஆணி, நட்டு போட உள்ளே இருப்பது தெரிகிற டப்பாக்கள். மூடி உள்ளதை ஒதுக்கினார், மூடி இல்லாததை எடுத்தார். பிறகு கருவிகள். ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாக வலது கையில் பிடித்து முறுக்கிப் பார்த்தார். மெல்லிய பிடி உள்ளவை விரலிலிருந்து வழுகின. கட்டை விரல் தடிமனில் ரப்பர் பிடி போட்ட ஒன்று நின்றது. அதே பிடியில் மற்ற அளவுகளைப் பொறுக்கினார். கனமான சுத்தியலைத் தூக்கி, தோளைக் குலுக்கி, திரும்ப வைத்தார். சின்னதை எடுத்தார். அந்த ஆள் நடுவில் நடுவில் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குழாய்களை எண்ணுவது மாதிரி நின்றேன். தொண்டைக்குள் ஒரு அகராதியே முட்டிக்கொண்டு நின்றது. விழுங்கினேன்.

பலகையை ஷெட்டின் இடது சுவரில், அவர் தோள் உயரத்துக்குள் மாட்டினோம். கனமானது கீழே, அடிக்கடி எடுப்பது இடது கைப் பக்கம். எல்லாம் அவர் சொன்னபடி, அதாவது காட்டினபடி. ஒவ்வொன்றையும் தொங்கவிட்டுச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டார். பல நாள் அதே வேலை. சில கோடுகள் கோணலாகின, அழித்துப் போட்டார். நான் வாசலோடு சரி. உள்ளே வந்தால் பேசிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

மகளும் மாப்பிள்ளையும் சொன்னபடி வந்தார்கள். அவர் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்து, ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிக்கொண்டிருந்தார். மகள் வாசலில் நின்றாள். பாதியில் அவர் நிமிர்ந்து, "இது..." என்று முனகினார். மகள் உள்ளே காலெடுத்து வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. பலகைப் பக்கம் திரும்பினார், கண் ஓடியது, கை போனது, பிளக் ஸ்பானரை எடுத்தார். அது இருந்த இடத்தில் அதன் கோடு மட்டும் நின்றது. வேலை முடிந்ததும் துடைத்து, கோட்டுக்குள் திரும்ப மாட்டினார். உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி இருமி, அப்புறம் ஓடியது.

"மாமா, எங்க ஷெட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்றார் மாப்பிள்ளை. மகள் மூக்கை உறிஞ்சினாள். "வண்டியக் கேட்டவங்ககிட்ட இல்லைன்னு சொல்லிடுறேம்மா" என்றாள்.

அவர்கள் போன பிறகு நான் ஷெட்டுக்குள் போனேன். பெருமையாகப் பலகையைப் பார்த்தேன், என்னவோ நானே செய்த மாதிரி. எல்லாம் அதனதன் இடத்தில். வாசல் பக்க மூலையில் மட்டும், என் கண் உயரத்தில், ஒரு கோட்டுக்குள் ஒன்றும் இல்லை. இரண்டு வட்டம், நடுவில் சின்னப் பாலம்.

"ஐயோ, ரிங் ஸ்பானர் ஒண்ணைக் காணோம்! ரெண்டு பக்கமும் வளையம் இருக்குமே, அது."

"இல்ல" என்றார்.

கிட்டே போய் உற்றுப் பார்த்தேன். ஸ்பானருக்கு இவ்வளவு பெரிய வளையமா? "அப்ப இது... அந்த... அது என்னங்க, அந்த இது..." எனக்குப் பெயர் வரவில்லை. இந்த ஷெட்டில் எனக்குப் பெயர் தெரியாத சாமானா?

அவர் கையைக் கட்டிக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்றார். அவசரப்படவில்லை. நான் இன்னும் இரண்டு மூன்று "இது" போட்டேன். காத்திருந்தார். நான் தோற்றுப்போய்த் திரும்பியதும், சட்டைப்பையில் கை விட்டார். உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது.

"கண்... கண்ணாடி" என்றார்.

காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த கண்ணாடி. அதை வெளியே எடுத்து மூலைக் கொக்கியில் மாட்டினார். இரண்டு வட்டமும் கோட்டுக்குள் அச்சாக உட்கார்ந்தன.

அந்தச் சொல் கொஞ்ச நேரம் ஷெட்டிலேயே இருக்கட்டும் என்று இருந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அழுததில் அதுவும் மங்கிவிட்டது.

அவர் அதற்குள் வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார். பலகையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். குனிவதற்கு முன், நான் இன்னும் நிற்பதைப் பார்த்துவிட்டு வாசலை நோக்கித் தலையை ஆட்டினார்.

"போ" என்றார்.

போனேன். அவர் போ என்று சொல்லி நான் சந்தோஷமாகப் போனது அன்றைக்குத்தான்.